சொல்லாமல் விட்ட ஆறு

ரயிலா வேனா என்பதே இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சோறும் சாப்பிட்டாகிவிட்டது, மணி ரெண்டேகால் ஆகிறது, விடிந்தால் கிளம்பவேண்டும், இன்னும் ரயிலா வேனா என்று மனசுக்குள் ஒரு ஈ உட்காரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சதக்கத்துல்லா வடக்குப் பார்த்த ஜன்னலோரம் மேஜைமேல் வெள்ளைக் காகிதத்தை விரித்து, சாமணத்தால் நீலக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கருநீலம் ஒரு குவியல், நடுநீலம் ஒரு குவியல், வெளிறினது ஒரு குவியல். காயல்பட்டினத்திலிருந்து பாங்காக்கில் இந்த மஹேசாக் தெருவுக்கு அவர் வந்து முப்பத்தாறு வருஷம். முப்பத்தாறு வருஷமும் இதே மாடி, இதே ஜன்னல், இதே கல்லு. மூன்றரைக்கு மேல் வெளிச்சத்தில் மஞ்சள் ஏறிவிடும், அப்புறம் நீலத்தை நம்பக்கூடாது, அதற்குள் முடித்து எதிர்க்கடை ஹாஜியாரிடம் பிரித்த கல் லாட்டைச் சேர்த்தாகவேண்டும். கை பழகின கை, அதுபாட்டுக்குப் போகும். ஆனால் இன்றைக்கு ஒரே கல்லை மூன்றாம் தடவையாகக் கருநீலத்திலிருந்து நடுநீலத்துக்கு மாற்றினார், பிறகு அது நடுநீலம்தானா என்று மறுபடி தூக்கிப் பார்த்தார். வேனில் போனால் ஏசி உண்டு, ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுவான், ஜுலைஹாவின் முழங்காலுக்கும் அதுதான் நல்லது. ஆனால் ரயிலில் போனதாகவல்லவா சொல்லி வைத்திருக்கிறது. ரயிலில் போனேன், ஸ்டேஷனில் இறங்கினேன், நடந்தே ஊருக்குள் போனேன். அப்படித்தான் கேசட்டில் பேசி அனுப்பினார், முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால். அந்தக் கேசட்டை அவள் எத்தனை தடவை போட்டுக் கேட்டிருப்பாளோ, நேற்று இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறாள், ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு புளியமரம் நின்னுச்சுன்னு சொன்னீங்கல்ல, அது இன்னும் இருக்குமா என்று. புளியமரம். எந்தப் புளியமரத்தைச் சொல்லித் தொலைத்தாரோ.

ஏனென்றால் அயுத்தியாவை அவர் பார்த்ததே கிடையாது. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கிடையாது. யாரும் நம்பமாட்டார்கள், பக்கத்தில் இருக்கிற ஊர், வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிற ஊர். கல்லு, தொழுகை, மெஸ், தூக்கம், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஊர், இதற்கு நடுவில் எங்கே போய்ச் செங்கல் கோபுரத்தைப் பார்ப்பது. முந்தாநாள்தான் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பிரனோம் அம்மாளிடம் போய், சும்மா கேட்பதுபோல வழி கேட்டார். அவர் பேசுகிற தாய்மொழி, அதாவது தாய்லாந்து மொழி, காய்கறி வாங்கவும் கல்லு விற்கவும் காணும், ஊர் சுற்றக் காணாது. அந்தம்மாள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. கிழவா, இத்தனை வருஷம் இங்கே சோறு தின்னிருக்கே, அயுத்தியாவைப் பார்க்காமலேயா நரைச்சே என்கிற மாதிரி என்னமோ சொன்னாள். பக்கத்தில் ஜுலைஹா தலையை மூடின துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள், அவளுக்கு அந்த மொழி தெரியாது, அல்லாஹ் காப்பாற்றினான். என்ன சொல்றாங்க என்று கேட்டதற்கு, உன் சேலை நல்லாருக்குன்னு சொல்றாங்க என்றார். அதற்கு அவள் பிரனோமைப் பார்த்துச் சிரித்தாள், பிரனோம் அவளைப் பார்த்துச் சிரித்தாள், நடுவில் அவர் வேர்த்துப்போய் நின்றார். அப்புறம்தான் பிரனோம் ஒரு காகிதத்தை எடுத்து வழியை வரைந்தாள். இதோ ரயில் ஸ்டேஷன். இதோ ஊர். ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே வளைத்து ஒரு கோடு போட்டாள். அது என்ன ரோடா என்று கேட்டார். ஆறு என்றாள். ஊரைச் சுற்றி ஆறு, ரயிலில் இறங்கினால் படகில் ஏறித்தான் ஊருக்குள் போகணும் என்றாள். ஆறு. கேசட்டில் ஆறே இல்லை. கோபுரம் சொன்னார், தலை போன சிலைகளைச் சொன்னார், வேருக்குள் மாட்டிக்கிட்டிருக்கிற ஒரு முகத்தைச் சொன்னார், புளியமரம்கூடச் சொன்னார், ஊரையே சுற்றி ஓடுகிற ஆற்றைச் சொல்லவில்லை. ஆற்றைக் காணாமல் அந்த ஊருக்குப் போய்வந்த மனுஷன் உலகத்தில் ஒருத்தர்தான் இருக்க முடியும். வேன் என்றால் பாலத்தின் மேல் போகும், கண்ணாடியில் திரை போட்டிருந்தால், அவள் தூங்கிப்போயிருந்தால், அவள் வலது பக்கம் உட்காராமல் இடது பக்கம் உட்கார்ந்தால். ஆனால் ஆறு சுற்றியல்லவா ஓடுகிறதாம். எந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன.

அவருக்குப் பின்னால் ஜுலைஹா கட்டிலில் உட்கார்ந்து பைக்குள் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் பை சரசரக்கிற சத்தத்தை வைத்தே எது உள்ளே போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. இது மாசிக் கருவாட்டுத் தூள். இது ரொட்டி. அந்த ஊரில் ஹலால் கிடைக்குமோ கிடைக்காதோ, நாம நம்ம சோத்தைக் கட்டிக்கிடுவோம் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். இது தொழுகை விரிப்பு, முசல்லா. இது முழங்காலுக்குத் தடவுகிற தைலம். அவள் வந்து அஞ்சு நாளாகிறது. கூட இருந்த ரெண்டு பேரும் அடுத்த தெரு ரூமுக்குப் போய்த் தங்கிக்கொண்டு இந்த மாடியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஊருக்குப் போகாமல் அவள் இங்கே வந்திருக்கிறாள். காயலில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்த் தங்குகிறது வழக்கம், அவள் பிறந்த வீட்டில் அவருக்கென்று ஒரு அறை உண்டு, அந்த அறைக்கு விருந்தாளிபோலப் போய் நாற்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவார், அவரிடத்துக்கு அவள் வந்தது இதுதான். வந்த அன்றைக்கே கேட்டாள். பெரிய கடைகளைப் பார்க்கணும் என்று கேட்கவில்லை, கப்பலில் போகணும் என்று கேட்கவில்லை, அயுத்தியாவுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாள். எதுக்கு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, தெரியுமே எதுக்கு என்று. இல்யாஸ் மௌத்தான அன்னைக்கு நீங்க இருந்த இடத்தை ஒரு தடவை நான் கண்ணால பாத்துக்கிடணும், அவ்வளவுதான், நான் ஊர்லே இருந்தேன், புள்ளை என் மடியிலே இருந்தான், நீங்க மட்டும் எங்கேயோ இருந்தீங்க, அந்த எங்கேயோவைப் பாத்துட்டா எனக்கு மூணும் ஒண்ணாச் சேர்ந்துரும் என்றாள். சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து ஒரு புதுத் துப்பட்டியை எடுத்துக் காட்டினாள். வெள்ளை, ஓரத்தில் பச்சை நூல் வேலை. இது அந்தக் கிழவிக்கு என்றாள்.

அந்தக் கிழவி. அவளையும் அவர்தான் படைத்தார், அல்லாஹ் மன்னிப்பானாக. எப்போதோ, அப்போது இதே ரூமில் கூடத் தங்கியிருந்த நூஹு காக்கா, அண்ணன் மாதிரி, அயுத்தியா போய்விட்டு வரும்போது ஒரு பொட்டலம் வாங்கிவந்தார், நூல் நூலாகச் சர்க்கரை, அதைப் பச்சை ரொட்டியில் சுருட்டித் தின்பது, அதை விற்கிறவர்கள் எல்லாரும் நம்ம ஆளுகதான், தலையில் முக்காடு போட்டிருக்காங்க, ஸலாம் சொன்னா பதில் சொல்றாங்க என்றார். அதை நினைவு வைத்திருந்து கேசட்டில் சேர்த்துவிட்டார். ஒரு கிழவி கூப்பிட்டு உட்காரவச்சா ஜுலைஹா, உன் முகம் நல்லாயில்லையே மகனே, வீட்டுலே யாருக்கும் சுகமில்லையா, சீக்கிரம் ஊருக்குப் போ என்றாள், கையிலே ரொட்டியைத் திணிச்சா, காசு வாங்கமாட்டேன்னுட்டா. ஏன் அதைச் சொன்னார் என்று இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. பொய்யென்றால் அளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பேசப் பேச அந்தக் கிழவி வந்து நின்றாள், அந்த மனுஷியின் கையில் சுருக்கம்கூடத் தெரிந்தது, சொல்லி முடிக்கும்போது அவரே தேம்பிவிட்டார், கேசட்டில் அந்தத் தேம்பலும் பதிந்து ஊருக்குப் போயிற்று. என் புள்ளை போன அன்னைக்கு என் மாப்பிள்ளைக்குச் சோறு போட்ட மகராசி என்று முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு நோன்புக்கும் ஜுலைஹா அந்தக் கிழவிக்கு துஆ கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகளுக்கும் சொல்லிக்கொடுத்து, மகளும் கேட்கிறாள். இல்லாத ஒருத்திக்கு இத்தனை துஆ போயிருக்கிறதே, அதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும், மேலே எங்கேயாவது விலாசம் தெரியாமல் நிற்குமா.

கல்லைப் பார், கல்லைப் பார். இது வெளிறினது. இதுவும் வெளிறினது. இதில் உள்ளே ஒரு வெடிப்பு, ஓரத்தில்தான், வெட்டினால் போய்விடும். மணி ரெண்டே முக்கால். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கல் பஜார் லீவு. இதே கட்டில் இல்லை, அப்போது இரும்புக் கட்டில், ஆனால் இதே இடம், சுவரை ஒட்டி, இப்போது ஜுலைஹா உட்கார்ந்திருக்கிறாளே அதே இடம். எதிர்க்கட்டில் நூஹு காக்காவுக்கு. கீழே இப்போது ஜெராக்ஸ் கடை இருக்கிற இடத்தில் அப்போது காயல்காரர்களின் மெஸ், போன் அங்கேதான், தெருவிலிருக்கிற எல்லா ரூமுக்கும் சேர்த்து ஒரே போன். ஊரிலிருந்து போன் என்றால் மெஸ்காரர் படியில் பாதி ஏறி நின்று சத்தம் கொடுப்பார். நல்ல சேதி என்றால் கடிதாசியில் வரும், போனில் வந்தால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும், பேர் கூப்பிடப்பட்டவன் முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். அதற்கு ரெண்டு வருஷம் முந்தி சதக்கத்துல்லா என்று கூப்பிட்டார்கள், ஓடினார், கடைசிப் படியில் வழுக்கி விழுந்து எழுந்து போனை எடுத்தால் வாப்பா மௌத்து. அதிலிருந்து அந்தப் போன் மணி அடித்தாலே கையிலிருப்பதை வைத்துவிட்டுப் படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் கடிதாசி வந்திருந்தது, இல்யாஸுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருது, டாக்டர் மருந்து கொடுத்திருக்கார், கவலைப்படவேண்டாம். கவலைப்படவேண்டாம் என்று எழுதினால் என்ன அர்த்தம். அன்றைக்குக் காலை பத்து மணிக்குப் படியில் சத்தம், சதக்கத்துல்லா, ஊர்லேருந்து போன், லைன்லே இருக்கு. அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கமுடியவில்லை என்றுதான் இத்தனை வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார், ஆனால் முடிந்திருக்கும், கால் நன்றாகத்தான் இருந்தது. போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு நூஹு காக்காவின் கையைப் பிடித்தார். நான் இல்லேன்னு சொல்லுங்க காக்கா. நூஹு காக்கா அவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கதவுக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார், அதில் அந்த மாசத்துக்கு அயுத்தியா படம், சிவப்புச் செங்கல் கோபுரம். அவரு விடியக்காலைலேயே அயுத்தியா போயிட்டாரு என்று கதவைத் திறந்து சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான். போனை எடுக்காதவரைக்கும் பிள்ளை இருக்கிறான். எடுத்தால்தான் போவான். அப்படி ஒரு கணக்கு அவர் தலைக்குள் ஓடியது, பைத்தியக்காரக் கணக்கு, ஆனால் போர்வைக்குள்ளே அது நியாயமாகத்தான் இருந்தது. மத்தியானம் லுஹருக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். வெயில் தாழ அசருக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் காதில் விழுந்தது.

மறுநாள் தானாகவே இறங்கிப் போய் ஊருக்குப் போன் போட்டார், ஜுலைஹாவின் சாச்சா மகன், அவளுக்குத் தம்பி முறை, அவன்தான் எடுத்தான். காலையில்தான் அடக்கம் முடிந்ததாம். ராத்திரி பத்து மணிக்கு மௌத்தாம். ராத்திரி பத்து மணி என்று சொன்னபோது அவருக்கு விளங்கவில்லை. அப்ப காலையிலே எதுக்குக் கூப்பிட்டீங்க என்றார். அவன் சொன்னான். டாக்டர் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னாராம், காரும் வாசலில் வந்து நின்றதாம், ஆனால் வீட்டில் பெண்கள் மட்டும்தான், ஜுலைஹாவின் வாப்பா கொழும்பில், பிள்ளையும் தாயும் ஊர்விட்டுப் போய் ஆஸ்பத்திரியில் தங்குவதென்றால் மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா, மாப்பிள்ளை வாயால் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அனுப்புகிறேன் என்று மாமி, ஜுலைஹாவின் உம்மா, சொன்னாராம். சாயங்காலம் வரைக்கும் கார் நின்றது, அப்புறம் அனுப்பிட்டோம் காக்கா, நீங்கதான் ஊரிலே இல்லையே, உங்க பேரிலே என்ன தப்பு என்றான். மௌத்துச் செய்தி இல்லை. ஒரு வார்த்தை கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கொண்டுபோங்க. அவ்வளவுதான் அந்த வார்த்தை. அதற்கு அப்புறம் அவர் அயுத்தியாவில் இல்லாமல் எப்படி இருக்கமுடியும். அயுத்தியாவில் இருந்தே ஆகவேண்டும். அங்கே கோபுரம் இருக்கவேண்டும், புளியமரம் இருக்கவேண்டும், ஒரு கிழவி இருந்து ரொட்டி கொடுத்தே ஆகவேண்டும். நூஹு காக்காவும் போன நோன்பில் மௌத்தாகிவிட்டார். சாகிறவரைக்கும் அதைப்பற்றி ஒரு பேச்சுப் பேசியதில்லை, ஆனால் எப்போதாவது யாராவது அயுத்தியா என்று சொன்னால் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். இப்போது அதைத் தெரிந்த ஆள் உலகத்தில் அவர் ஒருத்தர். இதை அவரோடேயே மண்ணுக்குள் கொண்டுபோய்விடலாம், இன்னும் எத்தனை வருஷம், பத்தா, பன்னிரண்டா. ஒரு நாள்தான் இடைஞ்சல். நாளைக்கு ஒரு நாள்.

ஆகவே திட்டம். ரயிலில் போவது. படகில் ஏறும்போது, அடேயப்பா, அன்னைக்கு இங்கே ஒரு மரப்பாலம் இருந்துச்சு, அதை எடுத்துட்டான் பாரு என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவது. புளியமரத்தை வெட்டிட்டான். ரோட்டையெல்லாம் மாத்திட்டான். முப்பத்தொரு வருஷம் ஆச்சே, எந்த ஊர் மாறாமல் இருக்கும். வெயிலுக்கு முன்னால் ரெண்டு கோபுரத்தைப் பார்ப்பது, எங்கே நின்றேன் என்று கேட்டால் ஏதாவது ஒரு நிழலைக் காட்டுவது, அதில் அவள் கொஞ்ச நேரம் உட்காருவாள், அழுவாள், அழட்டும், லுஹருக்கு ஏதாவது பள்ளி இருக்கும், தொழுதுவிட்டுத் திரும்பிவிடலாம். எந்த நிழல். தான் நிற்காத ஒரு நிழலில் அவளை உட்காரவைத்து, அவள் அந்த மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள், அவள் சுபாவம் அப்படி, தொட்டுப் பார்க்காமல் வரமாட்டாள், ஒருவேளை ஒரு பிடி மண்ணை முடிந்து ஊருக்குக்கூடக் கொண்டுபோவாள். வேண்டாம். அதை யோசிக்கவேண்டாம். கிழவியை என்ன செய்வது, அதைப் பார். அவளைத் தேடுகிறேன் என்று ரொட்டிக் கடை கடையாக ஏறினால், ஒவ்வொருத்தியிடமும் இவள் கேட்கச் சொன்னால். அதற்கு ஒரே வழிதான் உண்டு, இப்போதே சொல்லிவிடுவது நல்லது, நாளைக்கு அங்கே போய்ச் சொன்னால் அலைக்கழிப்பு. சாமணத்தைக் கீழே வைத்தார். திரும்பாமலே, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அன்னைக்கே அந்த அம்மாவுக்கு எழுவது வயசு இருக்கும் ஜுலைஹா, இப்ப ஹயாத்தோட இருக்கமாட்டாங்க, துப்பட்டியை வேற யாருக்காவது கொடுத்துருவோம் என்றார். சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. பரவாயில்லை, ஒருத்தி கழிந்தாள்.

பின்னால் சரசரப்பு நின்றது. இன்னா லில்லாஹி என்று அவள் முணுமுணுத்தது கேட்டது. அப்புறம் கட்டில் முனகியது, எழுந்திருக்கிறாள், குழாயடிக்குப் போனாள், தண்ணீர் விழுகிற சத்தம், கைகால் முகம் கழுவி ஒளு எடுக்கிறாள். அசருக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, எதற்கு இப்போது ஒளு. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவள் முசல்லாவைப் பையிலிருந்து வெளியே எடுத்து விரித்தாள், சின்னக் குர்ஆனை எடுத்து மடியில் வைத்தாள்.

"இத்தனை நாளும் ஹயாத்தா இருக்காங்கன்னுல்ல நெனச்சு துஆக் கேட்டேன். மௌத்தானவங்களுக்கு யாசீன் ஓதணுமே. இப்பவே ஓதிர்றேன். அவங்க பேரைச் சொல்லுங்க."

பேர். கேசட்டில் பேர் சொல்லவில்லை. கிழவிக்கு முக்காடு கொடுத்தார், சுருக்கம் கொடுத்தார், ரொட்டி கொடுத்தார், பேர் கொடுக்கவில்லை. என்ன கஷ்டம், ஒரு பேர், மரியம் என்றால் மரியம், ஹலீமா என்றால் ஹலீமா, இந்த நாட்டில் முக்காடு போட்டவளுக்கு எந்தப் பேர் இருந்தால் என்ன, யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள். மரியம் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஊரைப் பற்றிச் சொன்னது ஜுலைஹாவிடம் சொன்னது. கோபுரம், புளியமரம், எல்லாம் புருஷன் பெண்சாதிக்குள் நடந்தது. இது யாசீன். அவள் பொய்ப் பேரை வைத்து ஓதி முடித்து, இதன் நன்மையை இன்னாருக்குச் சேர்த்துவிடு ரப்பே என்று கையேந்துவாள், சுத்தமாகக் கையேந்துவாள், சேர்ப்பதற்கு அங்கே ஆள் இருக்கமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடையில் யாரோ ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். மேஜைமேல் மூன்று குவியலும் ஒரே நிறமாகத் தெரிந்தன. அவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார், அவள் குர்ஆனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள், கண்ணாடி போடாமல் அவளுக்கு எழுத்துத் தெரியாது, கண்ணாடி எங்கே வைத்தேன் என்கிற முகம்.

"ஓதாதே ஜுலைஹா," என்றார். "அப்படி ஒருத்தி இல்லே. நான் அயுத்தியாவுக்குப் போனதே இல்லே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதன்பிறகு நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஏதாவது கோபுரம் முளைத்துவிடும் என்று பயந்ததுபோல ஒரே மூச்சில் சொன்னார். இங்கேதான் இருந்தேன், நீ உட்கார்ந்திருக்கிறாயே அதற்குப் பக்கத்தில்தான் இருந்தேன், போர்வையைப் போர்த்திக்கிட்டுக் கிடந்தேன், கூப்பிட்டது காதில் விழுந்துச்சு, பயம், புள்ளை போயிட்டான்னு சொல்லத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனச்சேன், இப்படி ஒரு வார்த்தை கேட்கத்தான்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சா ஓடியிருப்பேன், நூஹு காக்காவைத்தான் சொல்லச்சொன்னேன், அவர் பேரில் பழியில்லே. அவள் குர்ஆனை மூடி முத்தமிட்டு, எட்டி அலமாரிமேல் வைத்தாள். அழவில்லை. அழுவாள் என்றுதான் முப்பத்தொரு வருஷமாக எதிர்பார்த்து வைத்திருந்தார், அல்லது கத்துவாள், அல்லது மகளுக்குப் போன் போடுவாள். ஒன்றும் இல்லை. முசல்லாவின் ஓரத்தை நீவிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை தடவை கூப்பிட்டாங்க?"

"மூணு தடவை. பத்து மணிக்கு, லுஹருக்கு, அசருக்கு. மூணும் கேட்டுச்சு."

"நாலு," என்றாள் ஜுலைஹா.

மூணுதான் என்று சொல்ல வந்தார், இதை மட்டுமாவது தெரியாதா, இத்தனை வருஷம் எண்ணி எண்ணித் தேய்ந்த கணக்கு. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பொழுது அடைஞ்சு மஃரிபுக்கு நான்தான் பேசினேன் என்றாள். அவள் அதுவரைக்கும் போனைத் தொட்டதில்லை, அது அவருக்கும் தெரியும். காரைத் திருப்பி அனுப்பினதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லையாம், உம்மாவிடம் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வீடுகளுக்கு நடுவே பெண்கள் நடக்கிற முடுக்கு வழியாகவே போய்ப் போன் இருக்கிற வீட்டில் உட்கார்ந்து லைன் கேட்டாளாம். மெஸ்காரர் எடுத்தார், அயுத்தியாவிலிருந்து வந்துட்டாரான்னு பார்க்கிறேன் தாயி என்று போனைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனார். "புள்ளை காதிலே வச்சேன். அங்கே தட்டுச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். வாப்பான்னு நெனச்சு அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். மெஸ்காரர் வந்து, கதவைத் தட்டினேன், திறக்கலே, இன்னும் வரலேபோலன்னார்." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஊரிலே இல்லாத மனுஷன்கிட்ட இதைச் சொல்லி என்ன செய்யன்னுதான் உங்ககிட்ட சொல்லலே என்றாள்.

மஃரிபு. சதக்கத்துல்லா அந்த மஃரிபைத் தேடினார். அசருக்குப் படியில் சத்தம், நூஹு காக்கா கதவைத் திறந்து சொன்னது, கதவு மூடியது, அழுதது, போர்வை நனைந்தது, அப்புறம் நூஹு காக்கா சோறு வாங்க இறங்கிப் போனது, அப்புறம் விளக்குப் போட்டிருந்தது, தட்டில் சோறு இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. தேடத் தேட ஒன்றுமில்லை. தூங்கியிருக்கிறார். அழுது களைத்து, இனிக் கூப்பிடமாட்டார்கள் என்று நிம்மதியாகி, நல்ல தூக்கம், கதவைத் தட்டினதுகூடக் கேட்காத தூக்கம். இத்தனை வருஷமும் அந்தப் பகல் முழுக்க ஒரு நிமிஷம் விடாமல் விழித்துக் கிடந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், தான் செய்ததிலே அது ஒன்றாவது ஒழுங்காக இருந்தது என்று. தூங்கிட்டேன் ஜுலைஹா என்றார். அவள் எழுந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள், கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கட்டிலிலிருந்து கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். நாலு எட்டுகூட இல்லை. போய்க் கதவைத் திறந்து, வெளியே போய், அதைச் சாத்தினாள்.

படியில் அவள் இறங்குகிற சத்தம் கேட்டது, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குகிற சத்தம். எங்கே போகிறாள். துப்பட்டி போடவில்லை, செருப்பும் போடவில்லை, பாஸ்போர்ட் பை கட்டிலில்தான் கிடக்கிறது. கூடப் போகவேண்டும் என்று நினைத்தார், கால் எழவில்லை, எழவில்லையா இல்லை மறுபடியும் அதே பொய்யா, அவருக்கே அடையாளம் தெரியவில்லை. சத்தம் கீழே போய் நின்றது. ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிறது, பிரனோம் என்னமோ கேட்கிறாள், பதில் இல்லை. இவள் அங்கே போன் இருந்த இடத்தில் நிற்கிறாளா, தெருவுக்குப் போய்விட்டாளா, பாஷை தெரியாத ஊர், வாகனம் வருகிற நேரம். ஜன்னலுக்கு எழுந்து போய்ப் பார்க்கலாம், பார்த்து அவள் இல்லையென்றால். பார்க்காதவரைக்கும், என்று தொடங்கினது மனசு, அந்த யோசனை எங்கே போகும் என்று தெரிந்ததும் அதன் கழுத்தைப் பிடித்து நிறுத்தினார். அப்போது படியில் மறுபடி சத்தம். மேலே வருகிறது. மெதுவாக, நின்று நின்று, ஏறுவது இறங்குவதைவிட அவளுக்குக் கஷ்டம், பாதியில் நின்று மூச்சு வாங்குவது கேட்டது. கடைசிப் படி. கதவுக்கு வெளியே வந்து நின்றாள். தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளினால் திறக்கும், அவளுக்கும் தெரியும். தள்ளவில்லை. விரல் கணுவால் ரெண்டு தட்டுத் தட்டினாள். பெரிதாகக்கூட இல்லை. சதக்கத்துல்லா எழுந்தார், மேஜை அசைந்து நீலக்கற்கள் ஒன்றோடொன்று கலந்து உருண்டன, சில தரையில் விழுந்தன, அவர் குனியவில்லை. போய்த் திறந்தார். அவள் சுவரில் ஒரு கையை ஊன்றி, வேர்த்து, மேல்மூச்சு வாங்க நின்றாள். அன்றைக்குப் போனில் அவரிடம் கேட்க நினைத்த அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயில் வந்தது.

"கொண்டுபோங்க," என்றார். "திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்க ஜுலைஹா."

"ம்," என்றாள் அவள்.